மணிக்கட்டில் ஒரு படகு

எலும்பைப் பற்றிப் பேச அரியலூரையும் பெரம்பலூரையும் விடப் பொருத்தமான சீமை தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகந்தான். பெரம்பலூர் மாவட்டத்தில், சாத்தனூரில், ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். மரம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். தொட்டுப் பார்த்தால் சுத்தமான கல். சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாய்ச் சமைந்துவிட்ட மரம் அது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களிலோ சங்கும் சிப்பியும் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் இந்த ஊர்களெல்லாம் கடலுக்குள் இருந்தன என்பதற்கு இவைதான் சாட்சி.

அரியலூர்ச் சீமையிலேயே கல்லமேடு என்று ஓர் இடம். அங்கே எடுத்த ராட்சத எலும்புகளைப் பற்றி விஞ்ஞானிகள் 1980-களில் எழுதினார்கள். அந்தப் பிராணிக்கு 'பிருகத்காயோசரஸ்' என்று நாமகரணமும் செய்தார்கள். பெருஞ்சரீரம் படைத்த பல்லி என்று அர்த்தம். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த அந்த எலும்பு, வெளியே எடுத்த பிறகு உதிர்ந்து போய்விட்டது! இன்று மிஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளுந்தான்.

எலும்பின் சுபாவமே அப்படித்தான் போலிருக்கிறது. சமயத்தில் கவனித்தால் காலத்தை வெல்லும். சமயம் தப்பினால் பொடிந்து போகும். இது ராட்சதப் பல்லிக்கு மட்டும் சொன்ன சங்கதி அல்ல. அரியலூரில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு வயது 64. பின்கட்டில் துவைக்கிற கல், அதன்மேல் பாசி, ஐப்பசி மழை, அவசரம் - இந்த நான்கும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. விழும்போது கையை ஊன்றுவது மனுஷ சுபாவம். பெரியம்மாவும் ஊன்றினாள். வலது மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். "புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடலாம்" என்றார் ஒருவர். "எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்" என்றார் இன்னொருவர். பெரியப்பா யார் பேச்சையும் காதில் வாங்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்-ரே எடுத்தார். மரத்துப் போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம். அவ்வளவுதான்.

இந்த முறிவுக்கு 'காலிஸ் முறிவு' என்று பெயர். டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் என்ற சர்ஜன் 1814-ல் இதை விவரித்து எழுதினார். ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்ததோ 1895-ல். அதாவது, உள்ளே இருக்கும் எலும்பைப் பார்க்க வழியே இல்லாத காலத்தில், கண்ணையும் கைவிரலையும் மட்டும் நம்பி அந்த மனிதர் எழுதி வைத்தது இன்றைக்கும் செல்லுபடியாகிறது. முன்னங்கையின் பெரிய எலும்பு, மணிக்கட்டுக்கு அருகே முறிகிற முறிவு இது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது அல்லவா? அதனால் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகமாக வருகிறது.

நிற்க. பெரியம்மாவின் கை இந்தக் கதையின் முதல் பாதிதான். இரண்டாவது பாதி அவளுடைய மகள் கை.

என் தங்கை பெரம்பலூரில் பள்ளிக்கூட ஆசிரியை. பெரியம்மா விழுந்த அடுத்த மாசியில், பாலக்கரைப் பக்கம் ஸ்கூட்டரில் திரும்பும்போது சாலையில் கிடந்த மணலில் சக்கரம் சறுக்கிவிட்டது. அவளும் கையைத்தான் ஊன்றினாள். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டில் லேசான வீக்கம். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பாடமும் நடத்தினாள் என்றால் பாருங்களேன்!

மறுநாள் கட்டைவிரலின் அடியில் வலித்தது. ஒரு டாக்டரிடம் போனாள். எக்ஸ்-ரேயில் முறிவு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கைக்கு ஒரு பட்டை மாட்டி, "இதைக் கழற்றாதீர்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள், இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் வலி பாதியாகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. வீட்டில் மாமனாருக்கு வேறு உடம்பு சரியில்லை. "முறிவு இல்லை என்று அவரே சொல்லிவிட்டாரே, சுளுக்குத்தானே" என்று பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். நம் வீடுகளில் பெண்கள் தங்கள் வலியை வைக்கிற இடம் அலமாரிதானே!

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் அரியலூர் போயிருந்தேன். கூடத்தில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா, கொஞ்சம் கோணலாய்ச் சேர்ந்திருந்த அந்தக் கையால், அச்சை அழுத்திச் சுற்றிச் சுற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். மகள் எட்டி உட்கார்ந்து முறுக்கை எண்ணி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ பிழியேண்டி, அம்மாவுக்குக் கை வலிக்காதா?" என்றேன்.

"என்னால முடியாதுக்கா. அழுத்தினா உயிர் போகுது" என்றாள்.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு மாசமா இவ கையை ஊன்றி எழுந்திருக்க மாட்டேங்கறா. குக்கர் மூடி திறக்க மாட்டேங்கறா. கேட்டா சுளுக்குங்கறா. எட்டு மாசம் ஒரு சுளுக்கு உண்டா, நீயே சொல்லு."

உடைந்த கை பிழிகிறது. உடையாத கை எண்ணுகிறது! அப்போதுதான் எங்களுக்குப் பொறி தட்டியது. தீபாவளி முடிந்த மறுநாள், மூவருமாகத் திருச்சிக்குப் பஸ் ஏறினோம்.

எலும்பு டாக்டர் படத்தைக் கேட்கவில்லை, ஸ்கேனைக் கேட்கவில்லை. "கட்டைவிரலை நன்றாக மேலே தூக்குங்கள்" என்றார். தூக்கினாள். கட்டைவிரலின் அடியில் இரண்டு நரம்புக் கயிறுகள் விறைத்து நின்றன. நரம்பு என்று நாம் சொல்கிறோம். டாக்டர்கள் தசைநாண் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. அந்தக் குழிக்குள் டாக்டர் தம் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். என் தங்கை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

நேயர்களே, நீங்களும் உங்கள் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள், அந்தக் குழி தெரியும். அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் என்ன பெயர் தெரியுமா? 'மூக்குப்பொடி டப்பி'! வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் அந்தக் குழியில்தான் பொடியைக் கொட்டி உறிஞ்சினார்களாம். நம் தாத்தாக்கள் டப்பியைத் தட்டி இரண்டு விரலால் எடுத்தார்கள். வழி வேறு, தும்மல் ஒன்றுதான். அந்தக் குழியின் அடித்தளத்தில் ஒளிந்திருக்கிறது நம் கதாநாயகமான எலும்பு.

மணிக்கட்டு என்பது ஒரே எலும்பு அல்ல. எட்டுச் சின்ன எலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசையில், கூழாங்கற்களை அடுக்கினாற்போல் இருக்கின்றன. நாம் கோலம் போடுவது, பூத்தொடுப்பது, சப்பாத்தி இடுவது, பிள்ளையின் தலையை வாருவது எல்லாம் அந்த எட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விளையாடுவதால்தான். அவற்றில் கட்டைவிரல் பக்கம் இருப்பதற்குப் படகெலும்பு என்று பெயர். பார்க்கப் படகு மாதிரி வளைந்திருக்கும். மூன்று சென்டிமீட்டர் நீளங்கூட இருக்காது. இரண்டு வரிசைகளையும் இணைக்கும் பாலமாக நிற்கிற காரணத்தால், கையை ஊன்றி விழும்போது அதிகமாக அடிபடுவதும் இதுதான். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் முறிகிறவற்றைக் கணக்கெடுத்தால், பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

இதில் இரண்டு வில்லங்கம். முதலாவது, முறிந்தவுடன் எடுக்கும் எக்ஸ்-ரேயில் இது பல சமயம் தெரியாது. விரிசல் மயிரிழை, எலும்போ முறுக்கிக்கொண்டு நிற்கிறது, பக்கத்து எலும்புகளின் நிழல் வேறு மேலே விழுகிறது. பத்துப் பதினாலு நாள் போனால் விரிசலின் ஓரங்கள் கரைந்து, கோடு தெளிவாகத் தெரியும். "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னது அதற்காகத்தான்! அது உபசார வார்த்தை அல்ல. சிகிச்சையில் பாதி அந்த வார்த்தை. அவசரமென்றால் ஸி.டி. ஸ்கேனோ, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வில்லங்கம் ரத்த ஓட்டம். இதைச் சொல்ல அரியலூர்க்காரர்களுக்குத் தெரிந்த உவமை ஒன்று போதும். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் தலைமடையில் நுழைந்து கடைமடைக்குப் போக வேண்டும் அல்லவா? நடுவில் கரை உடைந்தால் தலைமடை வயலுக்குக் கவலை இல்லை, கடைமடைதான் காயும். படகெலும்புக்குப் பெரும்பாலான ரத்தம் விரல்பக்கத்துப் பாதியில் நுழைந்து, அங்கிருந்து முன்னங்கைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. இடுப்பில் முறிந்தால் பின்பாதி கடைமடை ஆகிவிடுகிறது. ரத்தம் போய்ச் சேராத எலும்பு ஒட்டுவதற்குத் தாமதம் செய்யும். சில சமயம் ஒட்டவே ஒட்டாது. இன்னும் சில சமயம் செத்தும் போகும். அப்படியே விட்டுவிட்டால், வருஷங்கள் போகப் போக மணிக்கட்டு முழுவதும் தேய்ந்து வாதமாகிவிடும்.

என் தங்கையின் ஸ்கேன் அதைத்தான் சொன்னது. எட்டு மாதமாக அவள் மணிக்கட்டுக்குள் ஒரு படகு இரண்டு துண்டாகக் கிடந்திருக்கிறது.

* * *

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். திரையில் என் தங்கையின் மணிக்கட்டு மிதந்தது. ஸி.டி. ஸ்கேன் கையை மெல்லிய வெள்ளரிக்காய் வில்லைகள் மாதிரி நறுக்கிப் படம் எடுக்கிறது. கத்தியில்லாத நறுக்கல்தான், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் அந்த வில்லைகளையெல்லாம் மறுபடி அடுக்கி முழு எலும்பாக்கிவிடுகிறது. அதை உருட்டலாம், புரட்டலாம், பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம், பக்கத்து எலும்புகளை மறைத்து இதை மட்டும் தனியே தூக்கி நிறுத்தலாம். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எக்ஸ்-ரே படம் நிழல், இது சிலை மாதிரி இருக்கே" என்றாள்.

"அப்படியானால் ஆபரேஷனையும் கம்ப்யூட்டரே பண்ணுமா, டாக்டர்?" என்று என் தங்கை கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முறிந்த படகெலும்பைச் சேர்த்துப் பிடிக்க ஒரு திருகாணி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் திமோத்தி ஹெர்பெர்ட் என்ற டாக்டர், சகா ஒருவருடன் சேர்ந்து, 1984-ல் அதைப் பற்றி எழுதினார். சாதாரணத் திருகாணிக்குத் தலை உண்டு. இதற்குத் தலை கிடையாது. மூட்டுக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்தால் உரசுமல்லவா? முழுவதும் எலும்புக்குள்ளேயே புதைந்துவிட வேண்டும். தலையில்லாமல் இரண்டு துண்டுகளை எப்படி இறுக்குவது? அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். திருகாணியின் இரண்டு முனையிலும் மரை உண்டு. ஆனால் முன்மரை அகலம், பின்மரை நெருக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்மரை அதிகமாகவும் பின்மரை குறைவாகவும் நகரும். அந்த வித்தியாசத்தினால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று நெருங்கி இறுகிக்கொள்ளும். மனஸ்தாபப்பட்ட இரண்டு சம்பந்திகளைச் சேர்த்துவைக்க இப்படி ஒரு திருகாணி கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆனால் அந்தத் திருகாணி எலும்பின் மத்தியில், நட்டநடுவில் போக வேண்டும். எலும்பின் இடுப்போ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். திருகாணியின் பருமன் சில மில்லிமீட்டர். எலும்பு வளைந்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பில் பெரும்பகுதி வழவழப்பான குருத்தெலும்பு. தப்பான இடத்தில் வெளியே வந்தால் மூட்டைக் கெடுக்கும். வழக்கமான முறையில், டாக்டர் முதலில் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, எக்ஸ்-ரே ஒளியில் முன்னும் பக்கவாட்டிலும் பார்த்து, சரியில்லையென்றால் உருவி, மறுபடி செலுத்துகிறார். கம்பி சரியாக நின்ற பிறகு, நடுவில் துளையுள்ள திருகாணியை அதன்மேல் கோத்து முடுக்குகிறார். அனுபவசாலிகள் இதை அநாயாசமாகச் செய்கிறார்கள். இருந்தாலும், நிழலைப் பார்த்துச் சிலைக்குள் குறி வைக்கிற வித்தைதானே இது?

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. செல்போனில் வழி காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு நாம் தெரியாத ஊருக்கெல்லாம் போகிறோமே, அதே சங்கதிதான். அங்கே ஊர்ப்படம், இங்கே எலும்புப்படம். டாக்டர் முன்கூட்டியே திரையில், எங்கே நுழைய வேண்டும், எந்தக் கோணத்தில் போக வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று கோடு போட்டுக்கொள்கிறார். அங்கே வானத்திலுள்ள செயற்கைக் கோள் நம் வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இங்கே ஆபரேஷன் அறையில் ஒரு காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால், டாக்டரின் ஆயுதத்திலும் நோயாளியின் கைப்பக்கத்திலும் பொருத்திய அடையாளக் குமிழ்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஆயுதம் எங்கே இருக்கிறது, போட்ட கோட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று திரை காட்டுகிறது.

இதற்கு அடுத்த படி, யந்திரக் கை. சீனாவில், பீஜிங்கிலுள்ள ஜிஷுயிதான் ஆஸ்பத்திரி டாக்டர்கள் படகெலும்பு முறிந்த பத்து நோயாளிகளுக்கு யந்திரக் கையின் உதவியோடு ஆபரேஷன் செய்து, 2019-ல் அதைப் பற்றி எழுதினார்கள். யந்திரம் கத்தி எடுத்து அறுத்துவிடும் என்று கற்பனை செய்யாதீர்கள். அது திட்டமிட்ட கோணத்தில் ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து கையருகே அசையாமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அந்தக் குழாய் வழியாகக் கம்பியைச் செலுத்துவது டாக்டர். தோலைப் பெரிதாகத் திறக்காமல் சின்ன துவாரத்தோடு வேலை முடிகிறது. ஆனால் மணிக்கட்டு துளி அசைந்தாலும் போட்ட கணக்கெல்லாம் வீண். அதற்காகக் கையைப் பிடித்து நிறுத்தத் தனியே ஒரு சாதனம் வேண்டும். இத்தனை யந்திரத்துக்குச் செலவும் அதிகம், நேரமும் அதிகம்.

யந்திரக் கை இல்லாமலே கம்ப்யூட்டர் செய்கிற ஓர் உபகாரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டால், அதை அறுத்து நேராக்க வேண்டும். எது நேர் என்று யார் சொல்வது? நல்ல கையைப் படம் எடுத்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாற்றி, கெட்ட கையின் படத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கே எத்தனை டிகிரி கோணல் என்று உடனே தெரிந்துவிடுகிறது. அதை வைத்து, அந்த ஒரு நோயாளியின் எலும்புக்கு மட்டுமே பொருந்துகிற வழிகாட்டி அச்சைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக்கொடுக்க இப்போது யந்திரம் இருக்கிறது. இடது கை தன் சகோதரிக்கு வரைபடம் கொடுக்கிறது!

* * *

இதெல்லாம் சீனாவில், சீமையில் என்று நாம் மலைத்துப் போக வேண்டியதில்லை. கை சிகிச்சை விஷயத்தில் தமிழ்நாடு பல தேசங்களுக்கு வாத்தியார் ஸ்தானத்தில் இருக்கிறது. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதற்கும் மேற்கே கொல்லிமலை. அந்தக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஒரு பாதிரியாரின் பிள்ளைதான் பால் பிராண்ட். அவர் 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். பல தேசத்து டாக்டர்கள் அதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். கோவை கங்கா ஆஸ்பத்திரிக்கு இன்று வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அரியலூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூரிலும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்-ரேக்கும் ஸ்கேனுக்கும் இனி யாரும் திசை தெரியாமல் அலைய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் யந்திரத்துக்கு விளம்பரம் செய்த பாவத்துக்கு ஆளாவேன். முறிந்த படகெலும்புக்கெல்லாம் ஆபரேஷன் தேவையா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 31 ஆஸ்பத்திரிகளில் 439 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. இடுப்பில் முறிந்து, துண்டுகள் அதிகம் விலகாதவர்கள் அவர்கள். ஒரு பாதிப் பேருக்கு உடனே திருகாணி. மறுபாதிக்கு வெறும் மாவுக்கட்டு. கட்டில் ஒட்டாமல் போனவர்களுக்கு மட்டும் தாமதிக்காமல் ஆபரேஷன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு கூட்டத்தாரின் வலியிலும் கையின் உபயோகத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! ஆக, சமயத்தில் கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலோருக்கு அந்தக் காலத்து மாவுக்கட்டே போதும். துண்டுகள் விலகியிருந்தாலோ, முறிவு பின்கோடியில் இருந்தாலோ அது வேறு விஷயம். எட்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் கம்ப்யூட்டரும், திருகாணியும், இன்னும் என்னென்னவோ.

என் தங்கைக்கு அந்த 'என்னென்னவோ' தேவைப்பட்டது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து, மணிக்கட்டு விரிசலில் வைத்து, திருகாணியால் இறுக்கினார்கள். யந்திரக் கை கிடையாது. ஆனால் திரையில் எலும்பை உருட்டிப் பார்த்து, எவ்வளவு இடைவெளி, எத்தனை நீளத் திருகாணி என்று டாக்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார். ஆபரேஷன் முடிந்ததும் பெரியம்மா, "இனி பயமில்லையே?" என்றாள். "என் வேலை முடிந்துவிட்டது, அம்மா. இனிமேல் ரத்தம் தன் வேலையைச் செய்ய வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது, பொறுமைதான் உண்டு" என்றார் அவர்.

அந்தப் பொறுமைக்கு மூன்று மாதம் ஆயிற்று. தலை வாரிவிடக் கூட அம்மா வேண்டியிருந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டு விடுமுறை கேட்டாள். கட்டைப் பிரித்த அன்று கை சுள்ளியாய் மெலிந்திருந்தது. பிறகு தினம் பயிற்சி. இன்று கரும்பலகையில் எழுதுகிறாள், குக்கர் திறக்கிறாள். ஆனால் மணிக்கட்டைப் பின்னுக்கு முழுவதும் மடக்க முடியவில்லை. கோயிலில் கையை ஊன்றி விழுந்து கும்பிட முடியவில்லை. "நின்னுக்கிட்டே கும்பிட்டா சிறுவாச்சூர் அம்மன் கோவிச்சுக்க மாட்டாள்" என்று அவள் சிரிக்கிறாள். பெரியம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு நாள், இரண்டாவது எக்ஸ்-ரேக்காகப் பெரம்பலூரில் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

ஆகவே, சகோதரிகளே, எனக்காகச் சில காரியம் செய்யுங்கள். குளியல் அறையையும் பின்கட்டையும் ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள், விழுவதற்கு முன்பே, தங்கள் எலும்பின் பலத்தைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அப்படியும் வீட்டில் யாராவது கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலின் அடியில், அந்தக் குழியில் வலி என்று சொன்னால், நீவாதீர்கள், உருவாதீர்கள், டாக்டரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். முதல் படத்தில் ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் பட்டையைக் கழற்றாதீர்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால், வலி இருந்தாலும் போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். மறந்துபோகும் என்றால் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்.

போன வாரம் அரியலூருக்குப் போன் செய்தேன். பெரியம்மா மூச்சிரைக்கப் பேசினாள். எதிர்வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடி விழுந்துவிட்டானாம். "சுளுக்கு" என்று அவன் அம்மா தைலத்தை எடுத்திருக்கிறாள். பெரியம்மா தெருவைத் தாண்டி ஓடிப்போய், பையனின் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, குழியில் விரலை வைத்து அழுத்தினாளாம். அவன் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டதாம்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சும் நானே கூட்டிட்டுப் போகப்போறேன். அவங்கம்மாவை நம்பறதுக்கில்லே" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "உங்க தாத்தா அறுபது வருஷம் பொடி போட்டார். இப்படி ஒரு குழி இருக்குன்னு அவருக்கே தெரியாதுடி!" என்றாள்.